ஃபிளக்ஸ்.1 டெவ்: ப்ராம்ப்ட் எழுதுபவரின் பக்கத்திலிருந்து ஒரு மதிப்பீடு

படம் உருவாக்கும் ஏஐ மாடல்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவை தரும் படங்களின் அழகை வைத்தே தீர்ப்புச் சொல்கிறார்கள். ஆனால் வேலைக்காக ப்ராம்ப்ட், அதாவது எந்தப் படம் வேண்டும் என்று மாடலுக்குச் சொல்லும் உரை, எழுதிப் படம் எடுக்க வேண்டியவருக்கு அழகு இரண்டாவது கேள்விதான். எழுதியதில் எவ்வளவு படத்துக்குள் வந்து சேர்ந்தது, வராமல் போனதை எழுத்தை மாற்றியே வரவழைக்க முடிகிறதா என்பதே முதல் கேள்வி. அந்தக் கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஃபிளக்ஸ்.1 டெவ் மாடலை இங்கே மதிப்பிடுகிறேன். இதை நான் கம்ஃபியுஐ என்னும் மென்பொருள் வழியாகச் சொந்தக் கணினியில் ஓட்டுகிறேன். எனவே இங்கே சொல்வதெல்லாம் இணையதளங்கள் தரும் வசதிப் பூச்சுகள் எதுவும் இல்லாத, வெறும் மாடலைப் பற்றியது.

ஜெர்மனியின் ஃபிரைபுர்கைச் சேர்ந்த பிளாக் ஃபாரஸ்ட் லேப்ஸ் இதை 2024 ஆகஸ்ட் 1 அன்று வெளியிட்டது. அந்நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ராபின் ரோம்பாக், ஆண்ட்ரியாஸ் பிளாட்மன், பேட்ரிக் எஸ்ஸர் ஆகியோர் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்னும் முந்தைய படமாடலுக்கு அடிப்படையான ஆய்வைச் செய்தவர்கள் என்பதால், பழைய மாடலின் குறைகள் எவை என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஃபிளக்ஸ்.1 மூன்று வகையாக வந்தது: இணையம் வழியாகக் கட்டணத்துக்கு மட்டும் கிடைக்கும் புரோ, தரவிறக்கிக்கொள்ளக்கூடிய, ஆனால் வணிகப் பயன்பாட்டுக்குத் தனி உரிமம் கேட்கும் டெவ், அப்பாச்சி 2.0 உரிமத்தில் யாருக்கும் திறந்திருக்கும், ஒன்று முதல் நான்கு படிகளிலேயே (ஒவ்வொரு படியிலும் இரைச்சல் நீங்கிப் படம் தெளிவாகும்) படத்தை முடித்துவிடும் ஷ்னெல். மூன்றிலும் 1,200 கோடி பாராமீட்டர்கள், அதாவது பயிற்சியில் கற்ற எண்கள், இருக்கின்றன. நடுவில் இருக்கும் டெவ்தான் தனியாள்களுக்குப் பொருத்தமானது.

இந்த மாடலின் சிறப்பு புரிய வேண்டுமானால், நாம் எழுதும் ப்ராம்ப்டை உள்ளே படிப்பது யார் என்று முதலில் பார்க்க வேண்டும். 2022 ஆகஸ்டில் வந்த ஸ்டேபிள் டிஃப்யூஷனில் அந்த வேலையைச் செய்தது ஓபன்ஏஐ உருவாக்கிய கிளிப் என்னும் மாடல். அது ஒரு நேரத்தில் 77 டோக்கன்களுக்கு (சொற்கள் அல்லது சொல்துண்டுகளுக்கு) மேல் வாங்காது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒவ்வொன்று போக, நமக்கு மிஞ்சுவது 75. அதைவிட முக்கியமாக, இந்த வகை மாடல்கள் பயின்றது இணையத்திலிருந்து திரட்டிய படங்களையும் அவற்றோடு ஒட்டிக்கிடந்த சிறுகுறிப்புகளையும் வைத்து. வலைப்பக்கங்களில் படத்துக்குப் பக்கத்தில் கிடக்கும் குறிப்புகள் வாக்கியமாக இருப்பதில்லை. பொருளின் பெயர், தளத்தின் பெயர், ஓவியரின் பெயர், அளவு என்று சொற்கள் வரிசையாகக் கொட்டப்பட்டிருக்கும். ஆகவே ப்ராம்ப்டும் அதே மொழியில் இருந்தால்தான் எடுபட்டது. '8கே', 'மாஸ்டர்பீஸ்', 'ஆர்ட்ஸ்டேஷனில் டிரெண்டிங்' என்று காற்புள்ளி போட்டு அடுக்கும் வழக்கம் அப்படிப் பிறந்ததுதான். போலந்து ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கியின் பெயரை, படத்தில் டிராகன் இருந்தாலும் இட்லி இருந்தாலும், கடைசியில் சேர்த்துவிடுவது 2022-இல் ஏறத்தாழ ஒரு சடங்காகவே இருந்தது. தம் பெயர் இப்படிப் பயன்படுவதை அவர் வெளிப்படையாகவே ஆட்சேபித்தார். அதே ஆண்டு நவம்பரில் வந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் 2.0 கிளிப்பை விட்டு அதன் திறந்த மாற்றான ஓப்பன்கிளிப்புக்கு மாறியதும், இத்தகைய பெயர்களின் செல்வாக்கு வெகுவாகக் குறைந்தது; மனப்பாடம் செய்து வைத்திருந்த ப்ராம்ப்டுகள் ஒரே நாளில் செல்லாக்காசாயின. படிப்பவர் மாறினால் எழுத்தும் மாற வேண்டும் என்பதை அப்போதே பலர் கற்றுக்கொண்டிருக்கலாம். ஆனால் இன்றும் 'நூறு மந்திர ப்ராம்ப்டுகள்' என்று விற்கப்படும் தொகுப்புகளைப் புரட்டினால், அந்த 2022-ஆம் ஆண்டுச் சொற்களே அப்படியே கிடக்கின்றன.

ஃபிளக்ஸில் இரண்டு வாசகர்கள் இருக்கிறார்கள். கிளிப் இன்னும் இருக்கிறது, ஆனால் படத்தின் மொத்தச் சாயலைக் குறிக்கும் ஒரு சுருக்கத்தைத் தருவதோடு அதன் வேலை முடிகிறது. ப்ராம்ப்டை வரி வரியாகப் படிப்பது கூகுள் உருவாக்கிய டி5-எக்ஸ்எக்ஸ்எல் என்னும் மொழி மாடல். அது படக்குறிப்புகளிலிருந்து அல்லாமல் முழு உரைகளிலிருந்து மொழியைக் கற்றது என்பதால், 'இதற்குப் பின்னால்', 'அவள் கையில்', 'பாதி மறைந்து' போன்ற உறவுச் சொற்கள் அதற்குப் பொருளுள்ளவை. டெவ் மாடலுக்கு 512 டோக்கன்கள் வரை கொடுக்கலாம். கம்ஃபியுஐயில் இரண்டு வாசகர்களுக்கும் தனித்தனிப் பெட்டி வைத்த ஒரு நோடும் (இணைத்துக்கொள்ளும் வேலைத்தொகுதியும்) உண்டு. ஒன்றில் பாணியையும் மற்றொன்றில் காட்சியையும் எழுதிப் பார்க்கும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள், ஆனால் அந்த உழைப்புக்கேற்ற பயனை நான் காணவில்லை. இரண்டிலும் ஒரே உரையைக் கொடுத்தாலே போதும்.

இதன் விளைவை ஒரு காட்சியில் பார்க்கலாம். கோயில் மதிலோரம் பச்சைப் புடவை கட்டிய முதிய பெண் ஒருத்தி தரையில் அமர்ந்து மல்லிகைச் சரம் தொடுக்கிறாள். அவளுக்கு வலப்புறம் சிவப்புச் சட்டை அணிந்த சிறுவன் மடக்கிய கறுப்புக் குடையோடு நிற்கிறான். இருவருக்கும் நடுவே நீல நிற பிளாஸ்டிக் கூடை. கிளிப்பை நம்பியிருக்கும் மாடல்களில் இத்தகைய ப்ராம்ப்ட் கொடுத்தால் நிறங்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கசியும். புடவையின் பச்சை சிறுவனின் சட்டைக்குப் போகும், குடை நீலமாகும், சில சமயம் கூடையே காணாமல் போகும். ஸ்டேபிள் டிஃப்யூஷனின் பெரிய பதிப்பான எஸ்டிஎக்ஸ்எல் வரையிலும் இந்தக் கசிவு தெரிந்த நோய்தான். ஃபிளக்ஸில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு முழு வாக்கியம் ஒதுக்கி, நிறத்தையும் இருக்குமிடத்தையும் அந்த வாக்கியத்துக்குள்ளேயே முடித்துவிட்டால், நிறங்கள் பெரும்பாலும் உரியவரிடமே நிற்கின்றன. இதே செய்தியைக் காற்புள்ளிப் பட்டியலாக, 'முதிய பெண், சிறுவன், பச்சைப் புடவை, சிவப்புச் சட்டை, குடை' என்று சிதறக் கொடுத்தால், ஃபிளக்ஸும் தடுமாறத்தான் செய்யும். வாக்கியத்தைப் படிக்கத் தெரிந்த ஒன்றிடம் பட்டியலை நீட்டினால் அதன் திறமைக்கு அங்கே வேலையில்லை.

எண்ணிக்கையில் இந்த நம்பிக்கை வேண்டாம். மூன்று, நான்கு பொருள்கள் வரை சொன்ன எண் வருகிறது; ஏழு குத்துவிளக்குகள் என்று கேட்டால் ஆறோ ஒன்பதோ வந்து நிற்கும். அங்கே ப்ராம்ப்டை நீட்டுவதைவிடப் பட மென்பொருளில் ஒன்றைச் சேர்ப்பதோ நீக்குவதோ விரைவானது.

இனி, பெயர் தெரியாத பொருள்கள். நம் வீட்டுப் பொருள்களில் பெரும்பாலானவற்றின் பெயர் இந்த மாடல்களுக்குப் போதிய அளவு பழக்கமில்லை. டபரா, டம்ளர் என்று ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டுக் காத்திருந்தால், கைப்பிடி வைத்த பீங்கான் கோப்பையோ, கண்ணாடிக் குவளையோ வருவதற்கே வாய்ப்பு அதிகம். இங்கேதான் ப்ராம்ப்ட் எழுதும் திறமை உண்மையாகவே சோதிக்கப்படுகிறது: பெயரை மறந்துவிட்டு, அந்தப் பொருளைப் பார்த்தேயிராத ஒருவருக்குக் கண்ணால் தெரிவதை மட்டும் சொல்ல வேண்டும். மேல்விளிம்பு வெளிப்புறமாக விரிந்த, கைப்பிடி இல்லாத சிறிய பித்தளைக் குவளை. அது நிற்பது அதைவிட அகன்ற, உயரம் குறைந்த, தட்டையான அடியும் வெளியே மடிந்த விளிம்பும் உடைய பித்தளைக் கிண்ணத்தின் நடுவில். குவளையில் விளிம்பு வரை வெளிர்பழுப்பு நிறக் காப்பி, அதன் மேல் சிறு குமிழிகளாக நுரை. கிண்ணத்தின் உட்புறத்தில் சிந்திய காப்பியின் மெல்லிய வளையம். இப்படி எழுதினால் ஃபிளக்ஸ் ஏறத்தாழ நம் டபராவை வரைந்து தருகிறது. கடைசியாகச் சொன்ன அந்தக் காப்பி வளையம் படத்தில் வருகிறதா என்று பார்ப்பது எனக்குப் பிடித்த சோதனை. சிறிய, உபயோகமற்ற, ஆனால் சொல்லப்பட்ட ஒரு விவரத்தை மதிக்கும் மாடல் பெரிய விவரங்களையும் மதிக்கும். புள்ளிக்கோலம், திண்ணை, மண்ணடுப்பு என எதற்கும் இதே வழிதான். 'பாரம்பரியமான', 'தென்னிந்திய' என்னும் சொற்களைச் சேர்ப்பதால் பொருளின் வடிவம் திருந்துவதில்லை. எங்கிருந்தோ நகையும் பட்டும் சாமந்தி மாலையும் வந்து படத்தை நிறைப்பதுதான் நடக்கிறது.

எதிர்மறை ப்ராம்ப்ட், அதாவது படத்தில் வரக்கூடாதவற்றின் பட்டியல், எழுதிப் பழகியவர்களுக்கு டெவ் மாடலில் முதல் ஏமாற்றம் காத்திருக்கிறது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் ஒவ்வொரு படியிலும் இரண்டு கணிப்புகளைச் செய்யும். ஒன்று நம் ப்ராம்ப்டைப் படித்து, இன்னொன்று வெற்று உரையையோ நாம் வேண்டாம் என்று எழுதியதையோ படித்து. பிறகு இரண்டாவதிலிருந்து விலகி முதலாவதை நோக்கிப் படத்தை நகர்த்தும். அந்த விலகல்தான் எதிர்மறை ப்ராம்ப்டுக்கு உயிர். டெவ் மாடலோ, புரோ மாடலிலிருந்து வடித்தெடுக்கப்பட்டபோது அந்த நகர்த்தலையும் சேர்த்தே கற்றுக்கொண்டதால், ஒரு படிக்கு ஒரு கணிப்போடு நின்றுகொள்கிறது; ப்ராம்ப்டை எவ்வளவு இறுக்கமாகப் பின்பற்ற வேண்டும் என்று சொல்லும் 'கைடன்ஸ்' எண்ணும் அதற்கு உள்ளீடாகவே போகிறது. ஆகவே வழக்கமான அமைப்பில் எதிர்மறைப் பெட்டியில் என்ன எழுதினாலும் எடுபடாது. வேறு அமைப்புகளால் அதை மீட்க முடியும் என்றாலும் நேரம் இரட்டிப்பாகும். சரி, வேண்டாததை முதன்மை ப்ராம்ப்டிலேயே 'ஆட்கள் இல்லாத தெரு' என்று எழுதலாமே என்றால், அதுவும் ஆபத்து. ஆட்கள் என்னும் சொல் உள்ளே போய்விட்டதால் ஆட்களும் வந்துவிடுவார்கள். இருப்பதை மட்டும் சொல்வதே வழி: விடியற்காலை, கதவுகள் அடைத்த கடைகள், ஈரமான வெறுந்தெரு, நடுவில் ஒரு நாய். இந்தக் கட்டுப்பாடு எரிச்சலூட்டினாலும், ஒரு வகையில் எழுத்தைத் திருத்துகிறது. 'மோசமான கை, ஆறு விரல், அசிங்கம்' என்று ஒரு பக்கத்துக்குத் திட்டி எழுதிய பழைய எதிர்மறைப் பட்டியல்களைவிட இது நாகரிகமானதும் கூட.

ஒளியைப் பற்றி எழுதுவதில் இந்த மாடல் மிகுந்த பலன் தருகிறது. 'அழகான ஒளி' என்பது வீண். இடப்பக்க ஜன்னலிலிருந்து சாய்ந்து விழும் காலை வெயில், அதனால் மேசையின் மீது நீளும் நிழல், ஒளி படாத வலக்கன்னம் என்று எழுதினால் ஒளியின் திசை மட்டுமன்றி நிழல்களும் அதற்கேற்ப அமைகின்றன. டியூப்லைட்டின் வெளிறிய நீலச்சாயல், பெட்ரோமாக்ஸின் மஞ்சள் வட்டம், மேகம் மூடிய பகலின் நிழலற்ற சமவொளி ஆகிய வேறுபாடுகளை அது அறிந்திருக்கிறது. ஓவிய பாணியிலும் அப்படியே. ஓவியர் பெயரைவிட ஊடகத்தைச் சொல்வது பலனளிக்கும். கரடுமுரடான தாளில் நீர்த்த நீர்வண்ணம், ஓரங்களில் வண்ணம் தேங்கிய கறை, மெல்லிய மைக்கோடு, வரையாமல் விட்ட வெள்ளை என்று எழுதிப் பார்க்கலாம்.

குறைகளுக்கு வருவோம். முதல் குறை, பின்னணி மங்கல். மனிதர் முன்னால் நிற்கும் எந்தக் காட்சியிலும் பின்னணியைப் பனிமூட்டம் போல மங்கவைப்பதில் ஃபிளக்ஸ் டெவ்வுக்குத் தனி ஆசை. பயனர்களிடையே இது பரவலாகப் பேசப்படும் குறை. 'எல்லாம் தெளிவாக' என்று எழுதுவதால் மட்டும் அது போவதில்லை. 'போர்ட்ரெய்ட்', '85 மில்லிமீட்டர் லென்ஸ்' போன்ற சொற்களை நீக்குவதும், பின்னணியில் இருக்கும் பொருள்களை முன்னணியில் இருப்பவற்றுக்கு நிகரான விவரத்தோடு எழுதுவதும் ஓரளவு உதவும். பின்னாலிருக்கும் மளிகைக்கடையின் அலமாரியில் எந்த நிறப் பாட்டில்கள் இருக்கின்றன என்று எழுதிவிட்டால், அவற்றைக் காட்ட வேண்டிய கட்டாயம் மாடலுக்கு வந்துவிடுகிறது. இரண்டாவது குறை, மெழுகு பூசிய தோல். ஆள் எவராயினும் முகம் பளபளக்கும், மோவாயில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்துக்கு 'ஃபிளக்ஸ் மோவாய்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். கைடன்ஸை வழக்கமான 3.5-இலிருந்து 2 அல்லது 2.5-க்கு இறக்கினால் தோல் இயல்பாகிறது, ஆனால் அதே அளவுக்கு ப்ராம்ப்டின் சொல் கேட்பதும் குறைகிறது. எனவே பல ஆட்களும் நிறங்களும் உள்ள காட்சிக்கு 3.5, ஒற்றை முகத்துக்கு 2.5 என்பதே என் வழக்கம். இந்தக் குறையை நிறுவனமும் உணர்ந்திருக்க வேண்டும். கிரியா நிறுவனத்தோடு சேர்ந்து 2025 ஜூலையில் வெளியிட்ட ஃபிளக்ஸ்.1 கிரியா டெவ், இந்த ஏஐ சாயலைக் குறைப்பதையே நோக்கமாகக் கொண்டது. புகைப்படம் போன்ற படங்கள் மட்டும் வேண்டியவர் நேராக அதற்குப் போகலாம்.

மூன்றாவது, நமக்கு மட்டும் உரிய குறை. மேற்கோள் குறிக்குள் எழுதிய ஆங்கிலச் சொற்களைப் பெயர்ப்பலகையில் பிழையின்றி எழுதிக்காட்டுவது ஃபிளக்ஸின் புகழ்பெற்ற திறமை. தமிழில் அது அறவே இல்லை. தமிழ் போலத் தோன்றும் சுழிகள்தாம் வரும். ப்ராம்ப்டையும் தமிழில் எழுத முடியாது. டி5-இன் சொற்பட்டியல் ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ருமேனிய மொழிகளைக் கருதித் தயாரிக்கப்பட்டது. தமிழ் எழுத்துகளுக்கு அதில் இடமில்லாததால், நாம் எவ்வளவு அழகாக எழுதினாலும் 'அறியாதது' என்ற ஒரே குறியாகவே அது உள்ளே போய்ச்சேரும். பெயர்ப்பலகை தேவையென்றால், வெற்றுப் பலகை ஒன்றை நேர் எதிரே பார்க்கும் கோணத்தில் கேட்டு வாங்கி, எழுத்தை இங்க்ஸ்கேப், ஜிம்ப் போன்ற பட மென்பொருளில் ஏற்றுவது நல்லது. ப்ராம்ப்டைத் தமிழில் முழுமையாக எழுதிக்கொண்டு பிறகு ஆங்கிலமாக்குவதில் ஒரு நன்மை உண்டு: காட்சி முதலில் நம் கண்ணில் உருவாகிவிடும்.

மற்றவற்றோடு ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். மிட்ஜர்னி என்னும் இணையச் சேவை குறுகிய ப்ராம்ப்டையே விரும்புகிறது. அதன் வழிகாட்டியே சுருக்கமாக எழுதச் சொல்கிறது. நாம் சொல்லாமல் விட்டதைத் தன் ரசனையால் நிரப்புவதே அதன் பலம். அந்த ரசனையின் அளவைக் கூட்டிக் குறைக்க 'ஸ்டைலைஸ்' என்னும் அளவுகோல் 0 முதல் 1,000 வரை இருக்கிறது. வழக்கமான மதிப்பு 100. மாதம் 10 டாலரில் தொடங்கும் அந்தச் சேவை, என்ன வேண்டும் என்று இன்னும் தீர்மானிக்காதவருக்கு மிகச் சிறந்தது. தீர்மானித்துவிட்டவரோ அதோடு வாதாட வேண்டியிருக்கும். ஓபன்ஏஐயின் டால்-ஈ 3 வேறொரு வழியைக் காட்டியது. 2023-இல் வந்த அதன் ஆய்வுரை, பயிற்சிப் படங்களுக்கு விரிவான செயற்கைக் குறிப்புகளை எழுதிப் பயிற்றுவித்தால் சொற்பேச்சுக் கேட்கும் தன்மை கூடும் என்று விளக்கியது. சாட்ஜிபிடிக்குள் அது இயங்கியபோது, நாம் எழுதிய ஒற்றை வரியை மொழி மாடல் விரித்து எழுதியே படமாடலுக்கு அனுப்பியது. வசதிதான். ஆனால் படத்தில் வந்த எது நம் சொல்லால் வந்தது, எது இடையில் இருந்தவர் சேர்த்தது என்று பிரித்தறிய முடியாதபோது, ப்ராம்ப்ட் எழுதக் கற்றுக்கொள்வதும் நின்றுவிடுகிறது. ஃபிளக்ஸ் டெவ்வில் இடைத்தரகர் இல்லை. எழுதியது போகிறது, அதற்குரியது வருகிறது.

அப்படிக் கற்பதற்கு உள்ளூரில் ஓடும் மாடல் தரும் பெரிய வசதி சீட் எண், அதாவது படம் தொடங்கும் இரைச்சலைத் தீர்மானிக்கும் எண். அதை நிலையாக வைத்துவிட்டு, ஒரு தொடரை மட்டும் மாற்றி மறுபடி ஓட்டினால், படத்தின் அமைப்பு பெரும்பாலும் அப்படியே இருக்க, மாற்றிய சொல்லின் விளைவு தனியே தெரியும். ப்ராம்ப்டின் தொடக்கத்தில் எழுதியது அழுத்தமாகவும் கடைசியில் எழுதியது மெலிந்தும் வருவதை இப்படித்தான் கண்டுகொள்ளலாம். கடைசியில் இருந்த மழையை முதல் வாக்கியத்துக்கு ஏற்றினால் தெருவெல்லாம் நனைந்துவிடும். கம்ஃபியுஐ, தான் சேமிக்கும் ஒவ்வொரு பிஎன்ஜி படத்துக்குள்ளும் ப்ராம்ப்டையும் சீட் எண்ணையும் முழு அமைப்பையும் பதிந்துவைக்கிறது. பழைய படத்தை இழுத்துத் திரையில் போட்டால் எல்லாம் மீண்டுவிடும். அதே படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் புகைப்படமாக அனுப்பி வாங்கினால் அந்தப் பதிவு அழிந்துபோகும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, மாடல் கோப்பு முழு அளவில் ஏறத்தாழ 24 ஜிபி. எண்களைக் குறைந்த துல்லியத்தில் சேமிக்கும் எஃப்பி8 வடிவில் அதில் பாதி. டி5 தனியாக வேறு இடம் கேட்கும். 12 ஜிபி நினைவகம் உள்ள என்விடியா கிராஃபிக்ஸ் கார்டில் எஃப்பி8 ஓடுகிறது. 8 ஜிபி கார்டு வைத்திருப்பவர்கள் ஜிஜியுஎஃப் வடிவிலான சுருங்கிய கோப்புகளை எடுத்துக்கொண்டு பொறுமையாக இருக்க வேண்டும். 2025 நவம்பரில் ஃபிளக்ஸ்.2 வந்துவிட்டது, அதன் டெவ் 3,200 கோடி பாராமீட்டர் கொண்டது, ப்ராம்ப்டைப் படிக்க மிஸ்ட்ரல் நிறுவனத்தின் மொழி மாடல் ஒன்றையும் கூட்டிக்கொண்டு வருகிறது. அதைத் தாங்கும் இயந்திரம் வீட்டில் இருப்பவர்கள் இந்த மதிப்பீட்டைப் படிக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு என் பரிந்துரை ஃபிளக்ஸ்.1 டெவ்தான், படத்தை வணிகத்துக்குப் பயன்படுத்தும் எண்ணமிருந்தால் மட்டும் உரிமத்தை முதலில் படித்துவிட்டு, தயக்கமிருந்தால் ஷ்னெலை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஷ்னெலில் விரைவாக மாதிரி பார்த்துவிட்டு டெவ்வில் இறுதிப்படம் எடுக்கலாம் என்று திட்டமிட வேண்டாம். ஒரே ப்ராம்ப்டும் ஒரே சீட் எண்ணும் கொடுத்தாலும் இரண்டும் வெவ்வேறு படங்களையே தரும்.